கோச்சை மாற்றும் முன் மதிப்பெண் தாளை எடுத்துப் பாருங்கள்

கேள்வி இது: பத்து வயதிலிருந்து ஒரே பயிற்சியாளரிடம் இருக்கும் ஒரு ஃபிகர் ஸ்கேட்டர். உலகப் போட்டியில் முதல் எட்டுக்குள் வந்துவிடுகிறார், ஆனால் இரண்டு சீசனாகப் பதக்கம் இல்லை. பயிற்சியில் ஒழுங்காக வரும் ஜம்ப் போட்டியில் காலை வாருகிறது. சுழற்சி போதவில்லை என்று புள்ளிகள் வெட்டப்படுகின்றன. ஒலிம்பிக்குக்கு ஒன்றரை ஆண்டு இருக்கிறது. கோச்சை மாற்றலாமா?

என் பதில், இப்போதைக்கு வேண்டாம். ஆனால் இதே கேள்வியில் ஒரே ஒரு விவரம் மாறியிருந்தால் "நாளைக்கே கிளம்பு" என்றும் சொல்லியிருப்பேன். அந்த விவரம் என்ன என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

ரசிகர்கள் பேசும்போது கோச்சின் பதக்கப் பட்டியலை வைத்தே பேசுகிறோம். அவரிடம் போனவர் ஜெயித்தார், அதனால் நம்மாளும் போனால் ஜெயிப்பார் என்று. 2009-10 சீசனைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இத்தாலியின் கரோலினா கோஸ்ட்னர், 2009 உலகப் போட்டியில் 12-ஆவது இடத்துக்குச் சரிந்த பிறகு, ஜெர்மனியில் தனக்குப் பயிற்சி தந்துவந்த மிஹாயெல் ஹூத்தை விட்டுவிட்டு அமெரிக்காவில் ஃபிராங்க் கரோலிடம் போனார். கரோல் சாதாரண ஆள் இல்லை. அமெரிக்க நட்சத்திரம் மிஷெல் குவானை உருவாக்கியவர். அந்த சீசனில் கோஸ்ட்னர் ஐரோப்பியப் பட்டத்தை வென்றார், மறுக்கவில்லை. ஆனால் 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் 16-ஆவது இடம். அதே வான்கூவரில், அதே கரோலிடம் பயின்ற அமெரிக்கர் இவான் லைசாசெக் தங்கம் வாங்கினார். கோஸ்ட்னர் ஹூத்திடமே திரும்பினார். 2012-இல் உலகச் சாம்பியன், 2014 சோச்சியில் வெண்கலம். கரோல் நல்ல கோச்சா இல்லையா என்று கேட்டால் இந்தக் கதையில் விடை கிடைக்காது. லைசாசெக்குக்குக் கிடைத்ததும் கோஸ்ட்னருக்குத் தேவைப்பட்டதும் ஒன்றல்ல, அவ்வளவுதான்.

ஆக, "யாரிடம் போவது" என்பது இரண்டாவது கேள்வி. "இங்கே கிடைக்காதது எது" என்பதுதான் முதல் கேள்வி. அதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் போகலாம். "என்னவோ சரியில்லை" என்ற அளவில் நின்றால், அந்த என்னவோவும் பெட்டியோடு சேர்ந்து விமானம் ஏறும்.

ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடியவருக்கு ஜப்பானின் யுசுரு ஹன்யூ நல்ல உதாரணம். 2012 மார்ச்சில் நீஸ் நகரில் 17 வயதில் உலக வெண்கலம். அப்போது அவருக்குப் பயிற்சி தந்தவர் செண்டாயில் நனாமி அபே. மோசமான பயிற்சி என்று யாராலும் சொல்ல முடியாது. முந்தைய ஆண்டு நிலநடுக்கத்தில் பயிற்சித் தளமே மூடப்பட்டு, காட்சி நிகழ்ச்சிகளில் ஆடி ஆடியே பயிற்சியைக் காப்பாற்றிக்கொண்ட பையன் அவர். பதக்கம் வாங்கிய கையோடு டொரன்டோவில் பிரையன் ஓர்சரிடம் போனார். அங்கே ஸ்பெயினின் ஹாவியேர் ஃபெர்னாண்டஸ் இருந்தார், அவரிடம் அருமையான குவாட் சால்கோ (காற்றில் நான்கு முறை சுழலும் ஒரு வகை ஜம்ப்) இருந்தது. தினமும் அந்த ஜம்ப்பைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும், அதே பனியில் தானும் போட வேண்டும். காரணம் அவ்வளவு தெளிவு. தோற்றுப்போய் ஓடியவர் இல்லை, ஜெயித்த பிறகு போனவர். 2014-இலும் 2018-இலும் ஒலிம்பிக் தங்கம்.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். டொரன்டோவில் இருந்தது. 2015, 2016 உலகப் போட்டிகளில் ஃபெர்னாண்டஸ் தங்கம், ஹன்யூ வெள்ளி. இருவருக்கும் கோச் ஓர்சர்தான். இருவரும் ஒரே போட்டியில் ஆடும்போது ஓர்சர் ஜப்பான் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஸ்பெயின் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு தடுப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த நிமிடம் நான் உன் ஆள் என்று அந்த ஸ்கேட்டருக்குத் தெரியவேண்டும், அதற்காகத்தான் அந்த ஜாக்கெட்.

இந்த உணர்வு போய்விட்ட இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ரஷ்யாவின் அலெக்சி யாகுதின் உதாரணம். அலெக்சி மிஷின் என்ற கோச்சிடம் அவரும் அவரைவிட இளையவரான ப்ளுஷென்கோவும் ஒன்றாகப் பயின்றார்கள். கோச்சின் மனம் சின்னவன் பக்கம் சாய்கிறது என்று யாகுதினுக்குத் தோன்றிவிட்டது. 1998-இல் உலகச் சாம்பியனான பிறகு தாத்யானா தாராசோவாவிடம் போய்விட்டார். 2002 சால்ட் லேக் சிட்டியில் யாகுதின் தங்கம், ப்ளுஷென்கோ வெள்ளி. இரண்டு பேரும் மிஷினிடமே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கோச்சின் கண் தன்மேல் இல்லை என்று ஒரு ஸ்கேட்டர் நம்ப ஆரம்பித்துவிட்டால், அது உண்மையா பொய்யா என்பது அப்புறம். அங்கே அவர் தங்குவதில் பயன் இல்லை.

எவ்கேனியா மெட்வெடேவா விஷயம் இதைவிடச் சிக்கல். பியோங்சாங் ஒலிம்பிக், 2018. ரஷ்யக் கோச் எதேரி துத்பெரிட்ஸேயின் இரண்டு மாணவிகள், ஸகிதோவாவும் மெட்வெடேவாவும். போட்டியில் இரண்டு பகுதி: முதலில் ஷார்ட் புரோகிராம், பிறகு நீளமான ஃப்ரீ ஸ்கேட். ஃப்ரீ ஸ்கேட்டில் இரண்டு பேருக்கும் அச்சு அசலாக 156.65. ஷார்ட் புரோகிராமில் இருந்த 1.31 புள்ளி வித்தியாசத்தில் தங்கம் சின்னவளான ஸகிதோவாவுக்குப் போனது. இரண்டு முறை உலகச் சாம்பியனான மெட்வெடேவா அந்த மே மாதமே ஓர்சரிடம் போனார். முதல் சீசன் தடுமாற்றம், ரஷ்ய தேசியப் போட்டியில் ஏழாவது இடம். ஆனாலும் 2019 மார்ச்சில் ஜப்பானின் சைடாமாவில் உலக வெண்கலம். 2020 செப்டம்பரில் துத்பெரிட்ஸேயிடமே திரும்பினார்.

அதே சைடாமா மேடையில் வெள்ளி வாங்கியவர் கஜகஸ்தானின் எலிசபெத் துர்சின்பாயேவா. அவர் 2018-இல் எதிர்த்திசையில் போனவர்: ஓர்சரை விட்டு துத்பெரிட்ஸேயிடம். குவாட் சால்கோ வேண்டும் என்று போனார், அதே ஜம்ப்பை உலகப் போட்டியில் போட்டு இறங்கினார். ஒரே ஆண்டில் இரண்டு பேர் ஒருவரின் இடத்துக்கு மற்றவர் போய், ஒரே மேடையில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். எந்தக் கோச் மேல் என்று வாதாடுபவர்களுக்கு இந்தப் புகைப்படத்தைக் காட்டினால் போதும் என்பது என் எண்ணம்.

சரி, கேள்வியில் இருக்கும் ஸ்கேட்டருக்கு வருவோம். நான் முதலில் செய்வது, இரண்டு சீசன் மதிப்பெண் தாள்களையும் பரப்பி வைப்பது. ஒவ்வொரு ஜம்ப்புக்கும் பக்கத்தில் குறி இருக்கும். க்யூ என்றால் சுழற்சியில் சரியாகக் கால்பங்கு குறைவு. அதற்கு மேல் குறைந்தால் அம்புமுனைக் குறி விழும். அது அடிப்படை மதிப்பிலேயே கைவைக்கும். அரைச்சுற்றுக் குறைந்தால் இரட்டை அம்புமுனை, அதாவது டிரிபிள் (மூன்று சுற்று) போட்டும் டபுளுக்கான (இரண்டு சுற்று) மதிப்புதான். (இதை முடிவு செய்வது நடுவர்கள் இல்லை, டெக்னிக்கல் பேனல் என்ற தனிக் குழு. நடுவர்களைத் திட்டுபவர்கள் பாதிப்பேர் தப்பான ஆட்களைத் திட்டுகிறார்கள்.) இந்தக் குறிகள் எங்கே விழுகின்றன என்பதுதான் விஷயம்.

எல்லாப் போட்டியிலும் ஒரே ஜம்ப்பில் விழுந்தால் அது நுட்பக் கோளாறு. நான்கு நிமிட ஃப்ரீ ஸ்கேட்டின் கடைசி ஒன்றரை நிமிடத்தில், வெவ்வேறு ஜம்ப்களில் விழுந்தால் அது கால் களைப்பு. கடைசி மூன்று ஜம்ப்களுக்கு 10 சதவீதம் கூடுதல் மதிப்பு உண்டு என்பதால் கஷ்டமானதையெல்லாம் பின்னால் அடுக்கிவைப்பார்கள். கால் தாங்காதவருக்கு அந்த 10 சதவீதம் நஷ்டக் கணக்கு. வரிசையை மாற்றுவதற்கும் உடற்பயிற்சியாளரை மாற்றுவதற்கும் கோச்சை மாற்ற வேண்டியதில்லை. பயிற்சியில் சுத்தமாக இறங்கி போட்டியில் மட்டும், அதுவும் முதல் ஜம்ப்பிலேயே தவறினால், பிரச்சினை காலில் இல்லை.

நுட்பக் கோளாறு என்றால் அதைத் திருத்துவது எவ்வளவு பெரிய வேலை என்று சொல்கிறேன். லட்ஸ் என்ற ஜம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கமாகச் சுழல்பவர் இடது பிளேடின் வெளிவிளிம்பில் பின்னோக்கி நீண்ட வளைவில் வருவார். வளைவு ஒரு திசை, சுழலப்போவது எதிர்த்திசை. வலதுகால் நுனிப்பல்லைப் பனியில் குத்தும் கணம் வரைக்கும் அந்த வெளிவிளிம்பைப் பிடித்திருக்க வேண்டும். கடைசி அரை நொடியில் கணுக்கால் உள்பக்கம் சாய்ந்துவிட்டால் அது லட்ஸ் இல்லை, உள்விளிம்பிலிருந்து எழும்பும் ஃபிளிப் என்ற வேறு ஜம்ப். தாளில் இ குறி விழும். பார்க்கும் நமக்கு ஒரு சாய்வு. ஸ்கேட்டருக்கு அது எட்டு வயதிலிருந்து பல்லாயிரம் முறை செய்து உடம்பில் ஊறிய பழக்கம். புது கோச் சொல்லிக்கொடுத்தால் மாறும். மாறும்வரை பழைய ஜம்ப்பும் போயிருக்கும், புதியதும் வந்திருக்காது.

ஜப்பானின் மாவோ அசாடா இதைத் தெரிந்தே செய்தார். வான்கூவரில் ஷார்ட்டில் ஒன்று, ஃப்ரீயில் இரண்டு என்று மூன்று டிரிபிள் ஆக்ஸல் (மூன்றரைச் சுற்று ஜம்ப்) இறக்கி வெள்ளி வாங்கியவர், அதே ஆண்டில் நொபுவோ சாட்டோ என்ற கோச்சிடம் போய் எல்லா ஜம்ப்களையும் அடியிலிருந்து கட்ட ஆரம்பித்தார். அந்த சீசன் ஜப்பானில் நடந்த என்.எச்.கே. கோப்பையில் எட்டாவது இடம், உலகப் போட்டியில் ஆறாவது. பார்க்கவே சங்கடமாக இருந்தது. 2014 சோச்சியில் ஷார்ட்டில் 16-ஆவது இடத்தில் நின்றவர், மறுநாள் ஃப்ரீயில் 142.71 எடுத்தார். அடுத்த மாதம் உலகச் சாம்பியன். போட்ட உழைப்பு பலிக்க நான்கு ஆண்டு ஆனது. நம் ஸ்கேட்டரிடம் இருப்பது ஒன்றரை ஆண்டு. லட்ஸைத் திருத்தத்தான் போகிறார் என்றால் இந்த ஒலிம்பிக்கை மனதளவில் விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். அதற்கு அடுத்த ஒலிம்பிக்குக்குத் தயாராக வயது இடம் தருமா என்பது வேறு கணக்கு.

காலத்தைப் பற்றி இன்னொன்று. 2001 அக்டோபரில், சால்ட் லேக் சிட்டிக்கு நான்கே மாதம் இருக்கையில், மிஷெல் குவான் கரோலைப் பிரிந்தார். கோச்சே இல்லாமல் ஒலிம்பிக்குக்குப் போனார். ஷார்ட்டில் முதலிடம், ஃப்ரீயில் ஃபிளிப்பில் விழுந்து வெண்கலம். கோச் இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டார் என்று சொல்வது அபத்தம். ஆனால் பனியில் இறங்கும் முன் தடுப்பின் அந்தப் பக்கம் நின்று கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருப்பதற்கு மதிப்பு இருக்கிறது.

அந்த மதிப்பு எவ்வளவு என்று 2019 நவம்பரில் பிரான்சின் கிரெனோபிளில் நடந்த போட்டியில் பார்த்தோம். ஜப்பானின் ஷோமா உனோ, பியோங்சாங் வெள்ளிப் பதக்கக்காரர். சிறுவயதுப் பயிற்சியாளர்களான யமடாவையும் ஹிகுச்சியையும் பிரிந்து, நிரந்தரக் கோச் இல்லாமல் அந்த சீசனைத் தொடங்கியிருந்தார். ஃப்ரீ ஸ்கேட்டில் திரும்பத் திரும்ப விழுந்தார். முடிந்ததும் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கும் அந்த பெஞ்சில், வழக்கமாக இரண்டு மூன்று பேர் நெருக்கி உட்காரும் இடத்தில், அவர் மட்டும். அரங்கம் அவர் பெயரைச் சொல்லிக் கைதட்ட ஆரம்பித்தது. அதைக் கேட்டுத்தான் அழுதார். எட்டாவது இடம். அடுத்த போட்டியில் பக்கத்தில், கோச் இடத்தில், ஸ்டெஃபான் லாம்பியேல் உட்கார்ந்திருந்தார். டிசம்பரில் ஜப்பான் தேசியப் போட்டியில் ஹன்யூவையே தாண்டி ஜெயித்தார். ஏழு வாரத்தில் ஜம்ப் நுட்பம் மாறாது. பெஞ்சில் ஆள் வந்தார். நுட்பம் சார்ந்த பலன் பிறகு வந்தது, 2022-இலும் 2023-இலும் உலகப் பட்டங்களாக.

மாறாதவர்களையும் பார்க்கவேண்டும், அவர்களைப் பற்றிச் செய்தி வராது என்பதால் மறந்துவிடுகிறோம். அமெரிக்காவின் நேதன் சென் பியோங்சாங் ஷார்ட்டில் 17-ஆவது. அன்று இரவு எத்தனை பேர் அவர் கோச் ரஃபேல் அருத்யுன்யானை மாற்றச் சொல்லியிருப்பார்கள்! மறுநாள் ஃப்ரீயில் ஆறு குவாட், அந்தப் பிரிவில் முதலிடம், மொத்தத்தில் ஐந்தாவது. அவர் மாறவில்லை. கோச் கலிபோர்னியாவில் இருக்க, இவர் நாட்டின் மறுகோடியில் யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, தொலைவிலிருந்தே பயிற்சியைத் தொடர்ந்து உலகப் பட்டம் வாங்கினார். 2022 பெய்ஜிங்கில் 332.60 புள்ளிகளுடன் தங்கம். ஜப்பானின் கவோரி சகாமோட்டோவும் அப்படித்தான். கோபேயில் சிறுவயதிலிருந்து கோச் சோனோகோ நகானோதான். டிரிபிள் ஆக்ஸலும் இல்லை, குவாடும் இல்லை. வேகமும் ஜம்ப்பின் நீளமும் வைத்து 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் உலகச் சாம்பியன். வீட்டை மாற்றவில்லை, ஆனால் ஜன்னலைத் திறந்துவைத்தார்: நடன அமைப்புக்கு பெனுவா ரிஷார் போன்ற வெளியாட்களிடம் போய்வந்தார்.

நம் ஸ்கேட்டருக்கும் நான் சொல்வது இதுதான். முதலில் வெளியிலிருந்து ஒரு கண் வரட்டும். ஜம்ப்புக்கென்றே பெயரெடுத்த யாரிடமாவது சீசன் முடிந்ததும் இரண்டு மூன்று வாரம் போய்வரட்டும். இதைக் கோச்சிடம் கேட்கும்போது அவர் எப்படி எதிர்வினை செய்கிறார் என்று கவனியுங்கள். நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரு விவரம் இதுதான். "நானும் கூட வருகிறேன், அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கலாம்" என்றால், அவரை விட்டுப் போகாதீர்கள். அப்படிப்பட்ட ஆள் அடிக்கடி கிடைக்கமாட்டார். "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுருங்கினால் ஒருமுறை மன்னிக்கலாம், மனுஷர்தானே. ஆனால் அதற்காகப் பனியில் பயிலும் நேரத்தைக் குறைப்பது, மற்ற மாணவர்கள் முன்னால் குத்திக்காட்டுவது என்று போனால், மேடை ஏறாத இரண்டு சீசனுக்கும் விடை கிடைத்துவிட்டது. அன்றே கிளம்பலாம்.

இதுவரை சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாத இடம் ஒன்று இருக்கிறது. காயத்தோடு ஆடச்சொல்வது, பட்டினி போட்டு எடை பார்ப்பது, அவமானப்படுத்துவதைப் பயிற்சி என்று பெயர் சொல்வது. அங்கே மதிப்பெண் தாளும் வேண்டாம், சீசன் கணக்கும் வேண்டாம். பதக்கம் வந்துகொண்டிருந்தாலும் வெளியே வரவேண்டும். சீனியர் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை 15-இலிருந்து படிப்படியாக 17 ஆக்க 2022-இல் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் முடிவெடுத்தது. பதினைந்து வயதுக்குள் எல்லாவற்றையும் பிழிந்தெடுக்கவேண்டும் என்ற அவசரத்துக்கு இனி அந்தச் சாக்கும் இல்லை.

பிரிவதென்றே முடிவானால், எப்படிப் பிரிவது என்பதிலும் கவனம் வேண்டும். 2010 ஆகஸ்டில் தென் கொரியாவின் கிம் யூனாவும் அப்போது அவர் கோச்சாக இருந்த ஓர்சரும் பிரிந்தது ஊடகங்களில் இரு தரப்பு வாக்குவாதமாக வெடித்தது. வான்கூவரில் 228.56 எடுத்து வரலாறு படைத்து ஆறே மாதம்! அதன் பிறகு பீட்டர் ஓபகார்டிடம் பயின்று 2011-இல் உலக வெள்ளி. பின்னர் ஒரு நீண்ட இடைவெளி. 2012-இல் கொரியாவிலேயே தன் சிறுவயதுப் பயிற்சியாளர்களிடம் வந்து, 2013 உலகப் போட்டியை 20 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். இந்த உலகம் சின்னது. கோஸ்ட்னர் திரும்பினார், மெட்வெடேவா திரும்பினார், பின்னாளில் கோச்சான ப்ளுஷென்கோவிடம் ஓர் ஆண்டு இருந்துவிட்டு ரஷ்ய ஸ்கேட்டர் த்ருசோவா துத்பெரிட்ஸேயிடம் திரும்பினார். திரும்பிப்போகும் வாசலை உதைத்துச் சாத்திவிட்டு வருவது புத்திசாலித்தனம் இல்லை.

அமெரிக்காவின் அலிசா லியு எனக்குப் பிடித்த உதாரணம். பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குச் சில மாதம் முன்புகூட அவரைச் சுற்றி கோச்கள் மாறினார்கள். 2022-இல் உலக வெண்கலம் வாங்கிவிட்டு 16 வயதில் ஓய்வு அறிவித்தார். 2024-இல் தானே திரும்பி வந்தபோது, முன்பு தன்னோடு இருந்த பிலிப் டிகுலியெல்மோவையும் மாசிமோ ஸ்காலியையும் தானே தேர்ந்தெடுத்தார். இசை, உடை, பயிற்சி நேரம் எல்லாவற்றிலும் தன் சொல்தான் என்றார். 2025-இல் பாஸ்டனில் உலகச் சாம்பியன்.

கடைசியாக நாட்காட்டி. உலகப் போட்டி மார்ச் இறுதியில் முடியும். புது நிகழ்ச்சிகளுக்கு இசை எடுப்பதும் அமைப்பதும் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள். ஜூலை 1 புது சீசன். அக்டோபர் கடைசியில் கிராண்ட் பிரி என்ற போட்டித் தொடர் தொடங்கிவிடும். ஆகவே வெளிக்கண்ணுக்கான அந்த இரண்டு மூன்று வாரத்தை ஏப்ரலில் வையுங்கள், அந்த நாடுகளின் கோடை நடுவில், ஜூலை வாக்கில், வேண்டாம். மே மாதத்துக்குள் கோச் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். மாறவேண்டியிருந்தால் அப்போதும் ஒரு முழுக் கோடை மிச்சமிருக்கும்.